படம் மங்கலாம், நிற்கக் கூடாது

இணையத்தில் வீடியோ பார்ப்பவரின் இணைப்பு ஒரே சீரான வேகத்தில் இருப்பதில்லை. அந்த ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி படத்தின் தரத்தைக் கூட்டியும் குறைத்தும், ஓட்டம் தடைபடாமல் பார்த்துக்கொள்ளும் முறைக்கு அடாப்டிவ் ஸ்ட்ரீமிங் என்று பெயர். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் தொடங்கிக் கிரிக்கெட் ஒளிபரப்பும் செயலிகள் வரை எல்லாமே இதை நம்பித்தான் இயங்குகின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போது முகங்கள் மங்கி, சற்று நேரத்தில் மறுபடி துலங்கினால் அதைப் பழுது என்று நினைக்க வேண்டியதில்லை. படம் நின்றுபோகாமல் இருக்கக் கைபேசியே எடுத்த முடிவு அது. எந்தத் தரத்தில் அனுப்புவது என்று தொலைவிலுள்ள சர்வர் யோசிப்பதில்லை. எந்தத் தரத்தில் வேண்டும் என்று பார்ப்பவர் கையிலுள்ள செயலிதான் கேட்டு வாங்குகிறது. இந்தத் தொழில்நுட்பத்தின் பலம் முழுவதும் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது.

வீடியோ எவ்வளவு கனமான சரக்கு என்று முதலில் பார்த்துவிடலாம். 1080பி எனப்படும் முழு எச்.டி. படத்தின் ஒவ்வொரு பிரேமிலும் 1920க்கு 1080, அதாவது ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள் உண்டு. புள்ளிக்கு 24 பிட், வினாடிக்கு 25 பிரேம் என்று கணக்கிட்டால் வினாடிக்குச் சுமார் 124 கோடி பிட் வருகிறது. வீட்டு இணைப்புகளில் பெரும்பாலானவை இதைச் சுமக்காது. அதனால் எச்.264 போன்ற கோடெக்குகள் படத்தைச் சுருக்குகின்றன. சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒரு பிரேமை முழுதாக எழுதிவிட்டு, இடையில் வரும் பிரேம்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துவைப்பதுதான் சுருக்கும் வழி. முழுதாக எழுதப்படும் பிரேமுக்குக் கீ பிரேம் என்று பெயர். இப்படிச் சுருக்கினால் அந்த 124 கோடி பிட்டை 50 லட்சத்துக்கு, அதாவது 5 எம்பிபிஎஸ் அளவுக்குக் கொண்டுவர முடியும். இன்னும் இறுக்கினால் 5 லட்சத்துக்கும் கொண்டுவரலாம். ஆனால் புல்வெளி பச்சைப் பூச்சாகிவிடும், பந்து கண்ணுக்குத் தெரியாது. 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 2.25 ஜிபி டேட்டா செலவாகும். அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் பார்த்தால் 225 எம்பி போதும்.

சரக்கின் எடையைக் குறைக்கலாம், ஆனால் போகும் பாதை நிலையில்லாதது. மொபைல் டவர் ஒன்றின் கீழ் இருக்கும் எல்லாக் கைபேசிகளும் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 4ஜி டவர், யாருக்கு எவ்வளவு என்பதை வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை புதிதாக முடிவுசெய்கிறது. டவருக்கு அருகில் இருப்பவருக்கு ஒரே நேரத்தில் நிறைய பிட்டுகளை அனுப்ப முடியும். தள்ளி இருப்பவருக்கும் சுவர்களுக்குள் இருப்பவருக்கும் பிழை நேராமலிருக்க நிதானமாக அனுப்ப வேண்டியிருக்கும். ஓடும் ரயிலில் கைபேசி ஒரு டவரை விட்டு அடுத்ததைப் பிடிக்கும்போது இடையில் ஒரு தொய்வு வரும். மாலையில் தெரு முழுக்க ஒரே மேட்ச்சைப் பார்க்கும்போது ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும்.

கம்பிவழி இணைப்பிலும் வேகம் நிலையாக இருப்பதில்லை. அதற்கான காரணம் பழையது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், வினாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. எல்லாக் கணினிகளும் தொலைந்த தரவுப் பொட்டலங்களை விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பாதையை அடைத்துவிட்டன. இதை ஆராய்ந்த வேன் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வின் வழிவந்தவைதான் இன்றைய முறைகள். பொட்டலங்கள் ஒழுங்காகப் போய்ச் சேரும்வரை வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டு. ஒன்று தொலைந்தால் உடனே பாதியாக்கு என்பது அதன் சாரம். இணையம் முடங்காமல் இருப்பது இந்தக் கட்டுப்பாட்டால்தான். ஆனால் அதற்கு விலையாக, தனியொரு இணைப்பின் வேகம் ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. வீடியோ பயணம் செய்ய வேண்டியது அந்தப் பற்களின் மேல்தான்.

இதைச் சமாளிக்கும் முயற்சி 1990களிலேயே தொடங்கியது. ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த ஷ்யூர்ஸ்ட்ரீம், ஒரே கோப்புக்குள் பல வேகங்களுக்கான பிரதிகளை வைத்திருந்தது. அன்றைய வழக்கப்படி ஸ்ட்ரீமிங்குக்கென்று தனிச் சர்வர்கள் தேவைப்பட்டன; அவற்றின் தனிவகைப் போக்குவரத்தை அலுவலகங்களின் ஃபயர்வால்கள் அடிக்கடி தடுத்துவிடும். 2005இல் தொடங்கிய யூடியூப் எளிய வழியில் போனது. வீடியோ ஒரு சாதாரணக் கோப்பு. டவுன்லோடு ஆக ஆக ஓடும். சாம்பல் நிறக் கோடு நிரம்பட்டும் என்று பாஸ் செய்துவிட்டுக் காத்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். ஃபயர்வால் தொல்லை தீர்ந்தது. ஆனால் பாதியில் வேகம் குறைந்தால் தரத்தை மாற்ற வழியில்லை; பாதியில் பார்ப்பதை நிறுத்தினால் அதற்குள் இறங்கிய மிச்சமெல்லாம் வீண்.

இரண்டின் நன்மைகளையும் சேர்த்த யோசனை, படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சாதாரண இணையக் கோப்புகளைப் போலவே அனுப்புவது. மூவ் நெட்வொர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இதில் முன்னோடி. 2008இல் மைக்ரோசாஃப்ட் இதே வழியில் ஸ்மூத் ஸ்ட்ரீமிங் முறையை அறிவித்தது. 2009இல் ஐபோனுக்காக ஆப்பிள் எச்.எல்.எஸ். முறையைக் கொண்டுவந்தது. மொபைல் இணைப்பில் நீளமான வீடியோ காட்டும் செயலிகள் இதையே பயன்படுத்த வேண்டும், 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கும் ஒரு படியாவது அதில் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் விதித்தது. அந்தக் கடைசிப் படியில் படம் இல்லாமல் ஒலி மட்டும் இருந்தாலும் ஏற்கப்பட்டது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியதாக இல்லாத பொதுத் தரமாக எம்பெக் டேஷ் 2012இல் வெளியானது. இன்று நடைமுறையில் கோலோச்சுபவை எச்.எல்.எஸ்., டேஷ் இரண்டும்தான்.

இரண்டிலும் அடிப்படை ஒன்றே. ஒரு படம் பதிவேறும்போதே அதைப் பல தரங்களில் சுருக்கி வைத்துக்கொள்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2015 வரை எல்லாப் படங்களுக்கும் பொதுவாக வைத்திருந்த வரிசை 235 கேபிபிஎஸ்ஸில் 320க்கு 240 புள்ளிகள் கொண்ட சிறு படத்தில் தொடங்கி, 375, 560, 750, 1050, 1750, 2350, 3000, 4300 என்று ஏறி, 5800 கேபிபிஎஸ்ஸில் முழு எச்.டி. படத்தில் முடிந்தது. இதைப் பிட்ரேட் ஏணி என்பார்கள். ஏணியின் ஒவ்வொரு படியும் சில வினாடி நீளத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. எல்லாப் படிகளிலும் வெட்டு ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒவ்வொரு துண்டும் கீ பிரேமில் தொடங்க வேண்டும். முந்தைய பிரேம் எதையும் சாராமல் தானாக நிற்கக்கூடியது கீ பிரேம் மட்டுமே என்பதால், ஒரு துண்டை மேல்படியிலிருந்தும் அடுத்ததைக் கீழ்ப்படியிலிருந்தும் எடுத்து ஒட்டினாலும் காட்சி அறுபடாது. எந்தப் படியில் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் ஒன்றும் உண்டு. பிளே பொத்தானை அழுத்தியதும் செயலி முதலில் கேட்டு வாங்குவது அந்தப் பட்டியலைத்தான்.

துண்டுகள் சாதாரணக் கோப்புகள் என்பதால் அவற்றை வைத்திருக்கத் தனிச் சர்வர் எதுவும் வேண்டாம். ஊருக்கு ஊர் நகல் வைத்துக்கொள்ளும் அகமாய் போன்ற விநியோக வலையமைப்புகளே போதும். 2012இல் நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தப் பெட்டிகளை இணையச் சேவை நிறுவனங்களின் அறைகளிலேயே கொண்டுபோய் வைக்கத் தொடங்கியது. ஒவ்வொரு பார்வையாளருக்காகவும் சர்வர் யோசிக்க வேண்டியிருந்தால் கோடிக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் படம் காட்டுவது கட்டுப்படியாகியிருக்காது.

இனி, யோசிக்கும் வேலையைச் செயலி எப்படிச் செய்கிறது என்பது. செயலி எப்போதும் கொஞ்சம் படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். இந்த இருப்புக்குப் பஃபர் என்று பெயர். துண்டு 4 வினாடி, இப்போதைய படி 3 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டின் எடை 12 மெகாபிட். இணைப்பு 6 எம்பிபிஎஸ் தரும்போது அது 2 வினாடியில் வந்துவிடும், ஆனால் 4 வினாடி ஓடும். துண்டுக்கு 2 வினாடி இருப்பில் சேரும். இருப்பு 20 வினாடி ஆன நேரத்தில் இணைப்பு 2 எம்பிபிஎஸ்ஸாகக் குறைகிறது. இப்போது அதே துண்டு வர 6 வினாடி ஆகும். அதற்குள் 6 வினாடிப் படம் ஓடித் தீர்ந்திருக்கும், வந்து சேர்ந்ததோ 4 வினாடிதான். இப்படியே விட்டால் பத்துத் துண்டுகளில், சரியாக ஒரு நிமிடத்தில், இருப்பு காலியாகித் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கும். செயலி 1.5 எம்பிபிஎஸ் படிக்கு இறங்கினால் துண்டு 6 மெகாபிட். 3 வினாடியில் வந்துவிடும். துண்டுக்கு ஒரு வினாடி வீதம் இருப்பு மறுபடி ஏறும்.

திரையில் தெரிவதற்கும் இணைப்பில் நடப்பதற்கும் இடையே ஒரு காலத் தாமதம் இருப்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. இருப்பில் உள்ள தெளிவான துண்டுகள் ஓடித் தீர்ந்த பிறகுதான் மங்கலான துண்டு திரைக்கு வரும். அதனால் இப்போது கண்ணில் படும் மங்கல், இருபது வினாடிக்கு முந்தைய சிக்னல் குறைவின் விளைவாக இருக்கலாம். சிக்னல் முழுக் கோடும் காட்டும்போது படம் இன்னும் மங்கலாகவே இருப்பதற்கும் இதுவே காரணம். சில பிளேயர்கள் இருப்பில் உள்ள மங்கலான துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு அவற்றையே நல்ல தரத்தில் மறுபடி வாங்கும். படம் சீக்கிரம் துலங்கும், டேட்டா கூடுதலாகச் செலவாகும். தொடக்கத்தில் இணைப்பின் வேகம் என்ன என்பதே செயலிக்குத் தெரியாது என்பதால், பல பிளேயர்கள் கீழ்ப்படி ஒன்றில் தொடங்கி மேலே ஏறுகின்றன.

படியைத் தேர்வுசெய்ய இயல்பாகத் தோன்றும் வழி, சென்ற துண்டு எவ்வளவு வேகத்தில் வந்தது என்று அளந்து, அடுத்ததற்கு அந்த வேகத்துக்குள் அடங்கும் படியைக் கேட்பது. ஆரம்பகாலப் பிளேயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்தன. இதிலுள்ள ஆபத்தை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் தே-யுவான் ஹுவாங்கும் அவருடைய குழுவினரும் 2012இல் அம்பலப்படுத்தினார்கள். இருப்பு நிரம்பியதும் பிளேயர் சற்று ஓய்ந்து, பிறகு அடுத்த துண்டைக் கேட்கும். அந்த ஓய்வில் இணைப்பின் வேகக் கட்டுப்பாடு பழையபடி அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. அதே வீட்டில் இன்னொருவர் பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தால், வீடியோத் துண்டு தனக்குரிய பங்கைப் பிடிப்பதற்குள் வந்து முடிந்துவிடும். அளவீடு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பிளேயர் ஒரு படி இறங்கும். கீழ்ப்படித் துண்டு இன்னும் சிறியது. அது இன்னும் சீக்கிரம் முடிந்துவிடுவதால் அளவீடு இன்னும் குறையும். மறுபடி ஒரு படி இறங்கும். பாதையில் இடம் இருந்தும், தன் அளவீட்டைத் தானே நம்பி, படம் அடித்தளம் வரை சரியும். அன்றைய பெரிய சேவைகளிலேயே இது நடப்பதை அந்த ஆய்வு காட்டியது.

இரண்டு ஆண்டு கழித்து அவர்களே முன்வைத்த மாற்று வழி, எளிமையிலேயே அழகானது. வேகத்தை ஊகிக்க வேண்டாம், இருப்பைப் பார்த்தால் போதும். இருப்பு குறைவாக இருந்தால் கீழ்ப்படி, நிறைந்து வந்தால் மேல்படி. இருப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதிலேயே, இணைப்பு படத்தைவிட வேகமா மெதுவா என்ற பதில் அடங்கியிருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் பார்வையாளர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரிடம் சோதித்தபோது, அப்போது அந்த நிறுவனம் பயன்படுத்திவந்த முறையைவிடப் படம் நின்றுபோகும் வீதம் 10 முதல் 20 சதவீதம் குறைந்தது. சராசரித் தரம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. படம் தொடங்கும் வேளையில் மட்டும் இருப்பு எதையும் சொல்லாது. அங்கே வேகத்தை அளந்துதான் தீர வேண்டும்.

இந்த வழியைக் கணித உறுதியோடு வடித்த போலா என்ற முறை 2016இல் வந்தது. வேக ஊகத்தையும் இருப்பையும் சேர்த்துச் சில துண்டுகளுக்கு முன்கூட்டியே திட்டமிடும் முறைகளும் வந்தன. 2017இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பென்சீவ் என்ற பெயரில், இயந்திரக் கற்றல் மூலம் தானே பழகிக்கொள்ளும் நிரலை உருவாக்கினார்கள். எது சிறந்தது என்று ஆய்வகத்துக்கு வெளியே பார்க்க ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எடுத்த முயற்சி குறிப்பிடத்தக்கது. பஃபர் (Puffer) என்ற பெயரில் இலவசத் தொலைக்காட்சித் தளம் ஒன்றை நடத்தி, ஆன்டெனாவில் பிடித்த உள்ளூர்ச் சேனல்களை யார் வேண்டுமானாலும் பார்க்கவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு முறையைக் குலுக்கல்போல ஒதுக்கினார்கள். 63,508 பேருக்கு மொத்தம் 38.6 ஆண்டு நீளத்துக்குப் படம் காட்டிய பிறகு 2020இல் வெளியிட்ட முடிவு இது: ஆய்வகத்தில் ஜொலித்த சிக்கலான முறைகள் பலவும், உண்மையான இணையத்தில் இருப்பை மட்டும் பார்க்கும் எளிய முறையை மிஞ்சத் திணறின. இணையத்தின் குணத்தை மாதிரிச் சூழலில் முழுதாகப் படியெடுக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு குறைவு.

இவ்வளவு பாடும் எதற்காக என்றால், பார்ப்பவரின் பொறுமை மிகக் குறுகியது. அகமாயின் தரவுகளைக் கொண்டு, 2.3 கோடி வீடியோப் பார்வைகளை ஆராய்ந்த கிருஷ்ணனும் சீதாராமனும் 2012இல் இதை எண்களில் காட்டினார்கள். படம் தொடங்க 2 வினாடிக்கு மேல் ஆனால் ஆட்கள் கிளம்பத் தொடங்குகிறார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வினாடிக்கும் 5.8 சதவீதம் கூடுதலானோர் விலகுகிறார்கள். வீடியோவின் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு நேரம் படம் நின்று நின்று ஓடினால், ஒருவர் பார்க்கும் அளவு 5 சதவீதம் குறைகிறது. மங்கலைப் பொறுத்துக்கொள்பவர்கள் நிறுத்தத்தைப் பொறுப்பதில்லை. தரம் அடிக்கடி ஏறி இறங்குவதும் கண்ணை உறுத்தும். அதனால் நல்ல பிளேயர்கள் ஏறுவதற்குச் சற்றுத் தயங்குகின்றன, இறங்குவதற்குத் தயங்குவதில்லை.

ஏணியும் எல்லாப் படத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தட்டையான வண்ணங்கள் கொண்ட கார்ட்டூனுக்குக் கொஞ்சம் பிட்டே போதும். மழையும் புகையும் கூட்டமும் நிறைந்த சண்டைக் காட்சிக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. நெட்ஃபிளிக்ஸ் 2015 டிசம்பரில் படத்துக்குப் படம் தனி ஏணி அமைக்கும் முறையை அறிவித்தது. பழைய ஏணியில் குறைந்த தரப் படம் மட்டுமே கிடைத்த வேகத்தில், எளிய கார்ட்டூன் ஒன்று முழு எச்.டி.யில் கிடைத்தது. மெதுவான இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது நன்மை.

நேரலையில் கணக்கு இறுகுகிறது. இன்னும் நடக்காத ஆட்டத்தை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. எச்.எல்.எஸ். விதிப்படி பிளேயர் நேரலையின் நுனியிலிருந்து குறைந்தது மூன்று துண்டு பின்தங்கியே தொடங்க வேண்டும். தொடக்கத்தில் வழக்கமாக இருந்த 10 வினாடித் துண்டுகளில் அதுவே 30 வினாடி. அடுத்த வீட்டில் கேபிள் டி.வி.யில் சிக்ஸர் விழுந்து கூச்சல் எழும்போது கைபேசியில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடிவந்துகொண்டிருப்பது இதனால்தான். ஆப்பிள் பின்னர் 6 வினாடித் துண்டுகளைப் பரிந்துரைத்தது. 2019இல், துண்டு முழுதாகத் தயாராகும் முன்பே அதன் சிறு பகுதிகளை அனுப்பும் முறையை அறிவித்தது. தாமதம் குறையக் குறைய இருப்பும் குறைகிறது. வேகம் சரிந்தால் தாங்கும் நேரமும் குறைகிறது. இந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும்.

கூட்டமும் நேரலைக்கே உரிய சோதனை. சென்னை சூப்பர் கிங்ஸ் வென்ற 2023 ஐ.பி.எல். இறுதியாட்டத்தை ஜியோசினிமாவில் ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் பார்த்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை இறுதியாட்டத்தை டிஸ்னி+ ஹாட்ஸ்டாரில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆளுக்கு 1 எம்பிபிஎஸ் என்று குறைவாக வைத்துக்கொண்டாலும் 59 டெராபிட் வேகம் தேவை. கோடிக்கணக்கான கைபேசிகள், யாரும் சொல்லாமலே, தத்தம் பாதை நெரியும் இடத்தில் ஒரு படி இறங்கிக்கொள்வதால்தான் இத்தகைய கூட்டம் தாங்கப்படுகிறது.

ஏணி நாட்டளவில் உதவிய ஒரு தருணமும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா முடக்கத்தால் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது, நெட்ஃபிளிக்ஸ் ஐரோப்பாவில் தன் போக்குவரத்தை 30 நாட்களுக்கு 25 சதவீதம் குறைக்க ஒப்புக்கொண்டது. இந்தியாவில் ஹாட்ஸ்டார், நெட்ஃபிளிக்ஸ், அமேசான், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள், மொபைல் இணைப்புகளில் 480பிக்கு மேல் போவதில்லை என்று ஏப்ரல் 14 வரைக்கும் முடிவெடுத்தன. ஏணியின் மேல்படிகளை எடுத்துவிட்டாலே போதும் என்பதால் இதைச் சில நாட்களில் செய்ய முடிந்தது.

வீடியோ அழைப்புக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. பேசுபவரின் குரல் அரை வினாடி தாமதித்தாலே உரையாடல் தடுமாறும் என்பதால் அங்கே வினாடிக்கணக்கில் இருப்பு வைக்க இடமில்லை. முன்கூட்டிச் சுருக்கிய படிகளும் கிடையாது. அனுப்புபவரின் கைபேசியே பாதையின் நெரிசலைக் கணித்து, அந்தந்தக் கணத்தில் சுருக்கத்தை மாற்றுகிறது. நெரிசல் மிகுந்தால் படத்தை விட்டுக்கொடுத்துக் குரலைக் காப்பாற்றுவது வழக்கம்.

பார்ப்பவர் கையில் மிஞ்சியிருப்பது பிளேயரின் தர அமைப்பு. அது ஆட்டோவில் இருக்கும்வரை மேலே சொன்ன எல்லாம் நடக்கும். 1080பி என்று நிலைநிறுத்திவிட்டால் செயலிக்கு இறங்கப் படி இல்லை. இணைப்பு அதற்குக் கீழே போனால் படம் நிற்கும். 480பி என்று நிறுத்தினால் வேகம் எவ்வளவு இருந்தாலும் அதற்கு மேல் ஏறாது, டேட்டா மிஞ்சும். பல செயலிகளில் உள்ள டேட்டா சேவர், ஏணியின் மேல்படிகளை மட்டும் மறைத்துவிட்டு மற்றதை ஆட்டோவிடமே விடுகிறது. சிறு திரையில் பயணத்தின்போது பார்ப்பவர்களுக்கு இதுவே பொருத்தமான அமைப்பு.